பார்க்க வந்தவர்கள்

திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கத்தான் வருகிறார்கள். மலையைப் பார்க்க வருகிறார்கள். கார்த்திகையில் மலையுச்சியில் ஏற்றுகிற தீபத்தைப் பார்க்க வருகிறார்கள். 217 அடி உயரத்துக்கு எழும்பி நிற்கும் ராஜகோபுரத்தைக் கழுத்து வலிக்கப் பார்க்கிறார்கள். 'தரிசனம்' என்ற சொல்லுக்கே பார்வை என்றுதானே பொருள்?

ஆனால் வேறு ஒரு விதமாகப் பார்க்க வந்தவர்களும் உண்டு. தீபத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தீபத்தைப் பார்க்கிற ஜனங்களைப் பார்த்தவர்கள் அவர்கள். யார் முன்னால் நிற்கிறான், யார் எட்ட நிற்கிறான், யாருக்கு முதல் மரியாதை, யார் தோளில் வாகனம், யார் கையில் தீவட்டி என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டு போனார்கள். சர்வகலாசாலைகளில் இதை ஓர் ஆராய்ச்சி முறை என்கிறார்கள். கூடவே இருந்து, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, காண்பதை எழுதிக்கொள்வது. கேட்டால் சுலபமாகத்தான் இருக்கிறது.

கதை எழுதுகிறவனுக்கு இந்த மனிதர்கள்மேல் கொஞ்சம் பங்காளிக் காய்ச்சல் இருப்பது இயற்கை. நாங்களும் இதே வேலையைத்தான் செய்கிறோம். திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிறோம்; ஊர்ப் பெயரை மாற்றி எழுதுகிறோம். அவர்களும் ஊர்ப் பெயரை மாற்றித்தான் எழுதுகிறார்கள். எங்களுடையதைக் கற்பனை என்கிறார்கள், அவர்களுடையதற்கு டாக்டர் பட்டம் கொடுக்கிறார்கள்! போகட்டும். அவர்கள் எப்படிப் பார்த்தார்கள், எதைப் பார்த்தார்கள், எது அவர்கள் கண்ணில் படாமல் போயிற்று என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

என் வரிசையில் முதலில் நிற்கிறவர் இபின் பதூதா. மொராக்கோ தேசத்து யாத்ரீகர். அவர் வரலாறு இந்த ஊரோடு ஒரு பயங்கரமான இடத்தில் முட்டுகிறது.

போசள மன்னன் மூன்றாம் வீரவல்லாளன் துவாரசமுத்திரத்தில் அரசாண்டவன். டில்லிப் படைகள் வந்து அந்த நகரத்தைக் குலைத்துப் போட்ட பிறகு, தன் கடைசிக் காலத்தில் அவன் பெரும்பாலும் திருவண்ணாமலையில் தங்கி ஆட்சி நடத்தினான். கோயிலில் வல்லாள கோபுரம் அவன் பெயரால் இன்றும் நிற்கிறது. 1342-ஐ ஒட்டி மதுரைச் சுல்தானோடு நடந்த போரில் கிழட்டு மன்னன் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். தோலை உரித்து வைக்கோல் அடைத்து மதுரை மதிற்சுவரில் தொங்கவிட்டார்கள். இபின் பதூதா அதைச் செவிவழியாகக் கேட்டு எழுதவில்லை. தொங்கிக்கொண்டிருந்ததைக் கண்ணால் கண்டதாகச் சொல்கிறார். மதுரைச் சுல்தான் அவருக்குச் சகலை முறை. ஆகவே அவருக்கு அங்கே போகவும் வரவும் தடையில்லை.

இதைவிட நேரான சாட்சி கிடைக்காது என்றுதான் தோன்றும். அதற்குப் பக்கத்தில் இன்னொரு சாட்சியத்தை வைக்கிறேன். வல்லாளனுக்குப் பிள்ளையில்லை, அண்ணாமலையாரே அவனுக்குப் பிள்ளையாக இருக்க ஒப்புக்கொண்டார் என்பது திருவண்ணாமலை ஐதிகம். தைப்பூசத் தீர்த்தவாரியின்போது ராஜா மாண்ட செய்தி வந்து சேர்ந்ததாகப் பாவனை. ஆகவே சுவாமி திரும்பி வரும்போது மேளதாளம் கிடையாது. பிறகு மாசி மகத்தன்று சுவாமி புறப்பட்டுப் பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போகிறார். ஆற்றங்கரையில் வல்லாள மகாராஜாவுக்குத் திதி கொடுக்கிறார். ஒரு தெய்வம் ஒரு மனிதனுக்குப் பிள்ளையாக நின்று நீர்க்கடன் கழிக்கிறது. ஏறக்குறைய 680 வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஒரு கன்னட ராஜாவுக்காக இந்தத் தமிழ் ஊர் வருஷம் தவறாமல் துக்கம் காக்கிறது!

மதுரை மதிலில் தொங்கியதை யாத்ரீகர் பார்த்தார். அந்தச் சாவு ஓர் ஊருக்கு என்னவாக ஆயிற்று என்பதை அவர் பார்க்கவில்லை, பார்த்திருக்கவும் முடியாது. அது ஒரு நாளில் கண்ணுக்குப் படுகிற விஷயமல்ல. தைப்பூசத்திலிருந்து மாசி மகம் வரையில் இந்த ஊரில் இருந்து, மேளம் ஏன் நின்றது என்று பக்கத்தில் நிற்கிறவரைக் கேட்டால்தான் தெரியும். ஒருவன் ஓர் ஊரில் எத்தனை நாள் தங்க வேண்டும் என்ற கேள்விக்கு ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு வருஷமாவது என்று சொல்வதன் நியாயம் இதுதான். பஞ்சாங்கம் ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டும்.

இந்த நியாயத்தை உலகுக்கு உரக்கச் சொன்னவர் மாலினோவ்ஸ்கி என்ற போலந்துக்காரர். முதல் உலக யுத்தத்தின்போது நியூகினிக்குப் பக்கத்திலுள்ள டிரோப்ரியாண்ட் தீவுகளில் கூடாரம் போட்டுக்கொண்டு, தீவுக்காரர்களின் பாஷையைக் கற்று, அவர்கள் நடுவிலேயே நாள்களைக் கழித்து, 1922-ல் புத்தகம் எழுதினார். அவர் காலமாகி 25 வருஷத்துக்குப் பிறகு, 1967-ல், அவருடைய அந்தரங்க நாட்குறிப்பு அச்சில் வந்தது. அந்தத் தீவுக்காரர்கள்மேல் அவருக்கு எத்தனை எரிச்சல், எத்தனை சலிப்பு என்பது அதில் தெரிந்து, அவரைக் குருவாகக் கொண்டாடியவர்கள் எல்லாம் தலைகுனிந்தார்கள். எனக்கென்னவோ அந்த எரிச்சல் அவருடைய புத்தகத்தின்மேல் நம்பிக்கையைத்தான் கூட்டுகிறது. ஒரு வருஷம் கூடவே இருந்தும் எரிச்சல் வரவில்லையென்றால் அவன் கூட இருக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

மாலினோவ்ஸ்கி தீவில் இருந்த அதே வருஷங்களில் சென்னையில் வேறொரு வெள்ளைக்காரர் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தார். கில்பர்ட் ஸ்லேட்டர் என்று பெயர். ஆக்ஸ்போர்டில் தொழிலாளிகளுக்காக ஏற்பட்ட ரஸ்கின் கல்லூரிக்குத் தலைவராக இருந்துவிட்டு, 1915-ல் சென்னைச் சர்வகலாசாலையின் முதல் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார். இங்கிலாந்தின் குடியானவர்களைப் பற்றிப் புத்தகம் எழுதிய மனிதர். தமிழ்க் குடியானவனைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் செய்த யுக்தி அழகானது. 1916-ல் தம் மாணாக்கர்கள் கையில் ஒரு நீண்ட கேள்வித்தாளைக் கொடுத்து, "விடுமுறைக்கு உங்கள் கிராமங்களுக்குத்தானே போகிறீர்கள்? இவற்றுக்கு விடை கண்டு வாருங்கள்" என்கிற மாதிரி அனுப்பி வைத்தார். நிலம் எத்தனை, யாருடையது, ஏரி என்ன நிலையில் இருக்கிறது, மாடு எத்தனை, கடன் எவ்வளவு, கூலி தானியமாகவா காசாகவா என்று போயிற்று அந்தக் கேள்வித்தாள். மாணாக்கர்கள் கொண்டுவந்தவற்றைத் தொகுத்து 1918-ல் புத்தகமாகப் போட்டார். தென்னிந்தியாவில் சில கிராமங்கள் என்பது அதன் தலைப்பு.

அந்தப் புத்தகத்தில் வருகிற ஊர்களில் ஒன்று தூசி. அப்போது வட ஆர்க்காடு ஜில்லா. 1989-ல் ஜில்லாவைப் பிரித்தபோது திருவண்ணாமலையோடு சேர்ந்தது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், மாமண்டூர்ப் பெரிய ஏரியை ஒட்டிய ஊர். வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தென் ஆர்க்காட்டு இருவேல்பட்டு ஆகியவையும் அதில் உண்டு. இருவேல்பட்டை ஸ்லேட்டர் 'எருவெல்லிப்பேட்' என்று எழுதினார். வெள்ளைக்கார நாக்கில் நம் ஊர்ப் பெயர்கள் படும் பாட்டைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

ஸ்லேட்டர் செய்ததில் ஒரு பெரிய விசேஷம் இருக்கிறது. மாலினோவ்ஸ்கி அந்நியராகப் போய் உள்ளே புகப் பார்த்தார். ஸ்லேட்டரோ உள்ளே இருந்தவனை ஒரு விடுமுறைக்கு அந்நியனாக்கினார். அந்தப் பையனை நான் மனத்தில் நிறுத்திப் பார்க்கிறேன். பிறந்து வளர்ந்த தெரு. சித்தப்பாவிடம் போய், "நமக்கு எத்தனை கடன்?" என்று கேட்க வேண்டும். வாசலில் நிற்கிற படியாளிடம் போய், "நீ எத்தனை வருஷமாக எங்கள் வீட்டில் இருக்கிறாய்? வாங்கின பணம் எவ்வளவு?" என்று கேட்க வேண்டும். பதினெட்டு வருஷம் தினமும் பார்த்த ஆளைப் பற்றி முதல் தடவையாக ஒரு கேள்வி! சித்தப்பா உண்மையைச் சொல்லியிருப்பாரா? படியாள்தான் சொல்லியிருப்பானா? எஜமானின் பிள்ளை கேட்டால் எஜமானுக்குப் பிடித்த பதில்தான் வரும். 1916-ல் காலேஜுக்குப் போனவர்கள் எந்தெந்தத் தெருப் பிள்ளைகள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். கேள்வித்தாளில் உள்ள எல்லாக் கேள்விகளுக்கும் விடை கிடைத்திருக்கலாம். அந்த விடைகள் எந்தத் திண்ணையிலிருந்து வந்தவை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஆனால் ஸ்லேட்டர் போட்ட விதை வீணாகவில்லை. 1936-37-ல் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே கிராமங்களை மறுபடி ஆராய்ந்து 1940-ல் வெளியிட்டார்கள். 1961-ல் மார்கரெட் ஹாஸ்வெல் என்ற ஆங்கிலேய அம்மாள் வந்தார். 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த எஸ். குகனும் அவருடைய தோழர்களும் தூசிக்கும் இருவேல்பட்டுக்கும் போனார்கள். 2008-ல் ஜான் ஹாரிஸும், ஜெயரஞ்சனும், நாகராஜும் மறுபடி இருவேல்பட்டுக்குப் போனார்கள். முன்பு அந்த ஊரையே கைக்குள் வைத்திருந்த ரெட்டியார் குடும்பத்தின் பிடி தளர்ந்துவிட்டது, தலித் மக்கள் பழைய எஜமானர்களை நம்பி வாழும் நிலை பெரும்பாலும் போய்விட்டது என்று கண்டு எழுதினார்கள். ஒரே ஊரை 92 வருஷத்தில் ஐந்து தடவை போய்ப் பார்ப்பது என்பது உலகத்திலேயே அபூர்வம். ஒரு குடும்பத்துக் கதையை மூன்று தலைமுறைக்கு எழுதிவிட்டு 'பெரிய நாவல்' என்று மார்தட்டிக்கொள்கிற எங்களுக்கு இது ஒரு பாடம். திருவண்ணாமலைக்கு வடக்கே ஆரணியிலும் இதே மாதிரி ஒருவர் உண்டு. பார்பரா ஹாரிஸ்-வைட் என்ற பேராசிரியை 1973-ல் நெல் வியாபாரத்தை ஆராய வந்தார். அப்புறம் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை போல அந்த ஊருக்கு வந்து, கடைகண்ணிகளையும் ரைஸ்மில்களையும் பட்டுத் தறிகளையும் கணக்கெடுத்துக்கொண்டே இருந்தார்.

எந்தத் திண்ணை என்ற கேள்வியை விட்டுவிட முடியாது. 1961-62-ல் ஆந்த்ரே பேத்தே என்ற வங்காளத்து ஆராய்ச்சியாளர் தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வந்து தங்கினார். ஊருக்கு 'ஸ்ரீபுரம்' என்று பெயர் வைத்து 1965-ல் புத்தகம் எழுதினார். சாதி, வர்க்கம், அதிகாரம் மூன்றும் ஒன்றை ஒன்று எப்படி விட்டு விலகிக்கொண்டிருக்கின்றன என்று சொல்கிற புத்தகம் அது. அவருக்கு ஜாகை கிடைத்தது அக்ரகாரத்தில். அக்ரகாரத்தில் இருந்ததனால் அக்ரகாரத்து மனிதராகவே மற்றத் தெருக்காரர்கள் அவரை நினைத்தார்கள்; சேரிப் பக்கம் தம்மால் தாராளமாகப் போய் வர முடியவில்லை என்பதை அவரே எழுதியும் வைத்தார். அதை ஒளிக்காமல் எழுதியதுதான் எனக்கு அவர்மேல் உள்ள மரியாதைக்குக் காரணம். நம்முடைய நாவல்களில் எத்தனையோ அக்ரகாரத்து ஜன்னல் வழியாகத்தான் எழுதப்பட்டன. அதை எந்த நாவலாசிரியர் முன்னுரையில் சொல்லியிருக்கிறார்?

மைசூர் எம். என். ஸ்ரீனிவாஸுக்கு வேறு விதமான சோதனை. 1948-ல் ஒரு கன்னடக் கிராமத்தில் தங்கிக் குறிப்புகள் எடுத்தார். அவற்றைப் பதினெட்டு வருஷம் ஒழுங்குபடுத்தி மூன்று பிரதிகள் செய்து வைத்திருந்தார். 1970 ஏப்ரலில் அமெரிக்காவில் ஸ்டான்போர்டில் அவர் இருந்த கட்டடத்துக்கு யாரோ தீ வைத்துவிட்டார்கள். மூன்று பிரதியும் போயின. பிறகு, ஞாபகத்தில் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு எழுதலாமே என்று ஒரு நண்பர் சொல்ல, எழுதி 1976-ல் வெளியிட்டார். அவர் எழுதியவற்றிலேயே மனிதர்கள் நடமாடுகிற புத்தகம் அதுதான். புள்ளிவிவரம் எரிந்தது, பட்டாமணியக்காரரின் குரல் எரியவில்லை. இபின் பதூதாவும் கடற்கொள்ளைக்காரர்களிடம் தம் குறிப்புகளைப் பறிகொடுத்தவர்தான். 1355-ல் ஊர் திரும்பியிருந்து அவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதினார்.

இனித் திருவண்ணாமலைக்கே வருகிறேன். 1980-களில் பாண்டிச்சேரியிலிருந்து பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் ஒரு கூட்டமாக இந்த ஊரை எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் ஓர் ஊரைப் பார்ப்பது போதாது, பல கண்கள் வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். பி. ஆர். ஸ்ரீனிவாசன் கல்வெட்டுகளைப் படித்தார். பிரான்சுவாஸ் லெர்னோ, பியர் பிஷார், ழான் தெலோஷ் ஆகியோர் கட்டடங்களையும் குளங்களையும் பாதைகளையும் அளந்தார்கள். மக்கள்தொகை நிபுணரான கில்மோத்தோ நகரத்தை எடுத்துக்கொண்டார். மரீ-லூயிஸ் ரெய்னிஷ் என்ற அம்மாள், அதற்கு முன் திருநெல்வேலிப் பக்கம் கிராம தேவதைகளை ஆராய்ந்தவர், கோயிலைச் சுற்றியுள்ள மனிதர்களை எடுத்துக்கொண்டார். 1989, 1990-ஆம் வருஷங்களில் கல்வெட்டு, தொல்பொருள், சமூகம், நகரம் என்று தொகுதிகள் வந்தன. பூஜை, உற்சவங்களைப் பற்றிய தொகுதி 1999-ல்தான் வந்தது. ஆக ஐந்து பகுதிகள். தமிழ்நாட்டில் வேறெந்தக் கோயில் ஊரையாவது இப்படி எல்லாப் பக்கத்திலிருந்தும் சுற்றி வளைத்துப் பார்த்திருக்கிறார்களா என்பது எனக்குச் சந்தேகம்.

கல்வெட்டு இருக்கும்போது கண்ணால் வேறு பார்ப்பானேன் என்று கேட்கலாம். சோழர் காலத்துக் கல்வெட்டு, நுந்தா விளக்கு எரிக்க இன்னார் தொண்ணூற்றாறு ஆடுகள் விட்டார் என்று சொல்லும். 'சாவா மூவாப் பேராடு' என்று அழகாகவும் சொல்லும். ஆடுகள் சாவதில்லை, மூப்பதில்லை. கணக்கில் எப்போதும் தொண்ணூற்றாறு! ஆனால் செத்த ஆட்டுக்குப் பதில் ஆடு தேடி, மழை இரவில் பட்டியைக் காத்து, நெய்யைச் சுமந்து வந்து அளந்த இடையனின் பேச்சு கல்லில் இல்லை. கொடுத்தவன் பேசுகிறான், சுமந்தவன் பேசுவதில்லை. சுமக்கிறவன் இருக்கிறபோதே போய்ப் பார்த்தால்தான் உண்டு.

திருவூடல் உற்சவம் அப்படிப்பட்டது. மாட்டுப் பொங்கலன்று சுவாமியும் அம்மனும் வீதியுலா வருகிறார்கள். திருவூடல் தெருவில் இருவருக்கும் மனத்தாங்கல். அம்மன் கோபித்துக்கொண்டு கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். சுவாமி குமரக் கோயிலில் ராத்தங்கிவிட்டு, மறுநாள் தன்னந்தனியாக மலையைச் சுற்றி வந்து, அப்புறம் சமாதானமாகிறார். ஒரு தெருவுக்கே ஊடல் என்று பெயர் வைத்த ஊர் வேறு எது? பல்லக்குத் தூக்கிகள் முன்னும் பின்னும் ஆட, அம்மன் வெடுக்கென்று திரும்புகிற அந்தக் கணத்தில் சுற்றி நிற்கிற பெண்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். தத்தம் வீட்டு வழக்கைத் தெய்வத்தின்மேல் போட்டு அவர்கள் சிரிக்கிற சிரிப்பை எந்த ஆகமப் புத்தகத்தில் தேடுவது?

இத்தனை உழைப்பில் எனக்கு ஒரே ஒரு மனக்குறை. கல்வெட்டுத் தொகுதி நீங்கலாக அவையெல்லாம் பிரெஞ்சில் இருக்கின்றன. திருவூடல் தெருவில் பிரெஞ்சு படிக்கிறவர்கள் எத்தனை பேர் இருக்க முடியும்? தங்களைப் பற்றி என்ன எழுதினார்கள், சரியாகத்தான் எழுதினார்களா என்று தேரடித் தெருக்காரர் ஒருவர் படித்துப் பார்த்து, "இது தப்பு அம்மா" என்று சொல்ல வழி வேண்டாமா? எங்கள் கதைகளுக்கு அந்தத் தண்டனை உண்டு. கதையில் தன்னைக் கண்டுகொண்டவர் வாசலுக்கே வந்து சண்டை போடுவார்.

பார்க்கப்பட்டவர்கள் வாயை மூடிக்கொண்டு இருப்பார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 1938-ல் ஆங்கில நாவலாசிரியர் சாமர்செட் மாம் ரமணாசிரமத்துக்கு வந்தார். பிறர் குடும்ப ரகசியங்களை நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்வதில் அவருக்கு நிகர் கிடையாது. வந்த இடத்தில் மயக்கம் போட்டு விழுந்துவிட்டார். ஓர் அறையில் படுக்க வைத்தார்கள். மகரிஷியே வந்து பக்கத்தில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த மயக்கம் ஒரு கதையாகிப் பரவிற்று. துரை சமாதி நிலைக்குப் போய்விட்டார் என்று பேசிக்கொண்டார்கள்; பிறகு அவரைப் பார்க்க வந்த இந்தியர்கள் அவரைப் பயபக்தியோடு பார்த்தார்கள். தமக்கு அதற்கு முன்பும் அப்படி மயக்கம் வந்ததுண்டு என்று 1958-ல் வெளிவந்த ஒரு கட்டுரையில் அவர் நிதானமாக எழுதினார். 1944-ல் வந்த நாவலில் ஆசிரமத்தைத் திருவிதாங்கூருக்குப் பெயர்த்து, மகரிஷிக்கு ஸ்ரீ கணேசர் என்று பெயர் வைத்தார். அவர் திருவண்ணாமலையைக் கதையாக்கினார். திருவண்ணாமலை அவரைக் கதையாக்கிற்று.

பிரெஞ்சுக்காரர்கள் வந்த காலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதல் தொகுதிகள் அச்சேறிய 1989-ல்தான் திருவண்ணாமலை ஜில்லாத் தலைநகரம் ஆயிற்று. பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கான ஜனங்கள் பதினான்கு கிலோமீட்டர் நடந்து மலையைச் சுற்றுகிற வழக்கம் பெருகியது 1990-களில். அதற்கு முன்பும் கிரிவலம் உண்டு, பௌர்ணமி உண்டு. இந்தக் கூட்டம் இல்லை. ஸ்பெஷல் பஸ்களும், பாதை நெடுகக் கடைகளும், ராத்திரி முழுதும் எரிகிற விளக்குகளும், காவி கட்டி வரிசையாக உட்கார்ந்திருக்கிறவர்களும் பிறகு வந்தவை. ஆகையால், கூட்டம் வருவதற்குச் சற்று முந்தைய ஊர் அந்தத் தொகுதிகளுக்குள் இருக்கிறது. கண்ணெதிரே இருந்ததைத்தான் அவர்கள் எழுதினார்கள். பத்து வருஷத்துக்குள் அது சரித்திரமாகிவிட்டது. தூசிக்குத் திரும்பத் திரும்பப் போன மாதிரி இங்கே யாராவது அந்த வரைபடங்களைக் கையில் வைத்துக்கொண்டு பே கோபுரத் தெருவிலிருந்து ஆரம்பிக்கலாம். எந்த வீடு லாட்ஜ் ஆயிற்று, எந்த மண்டபம் பூட்டிக் கிடக்கிறது, பல்லக்குத் தூக்கியின் பேரன் இப்போது எங்கே வேலை பார்க்கிறான் என்று வீடு வீடாகக் கேட்க வேண்டிய வேலை அது. பஞ்சாங்கம் ஒரு சுற்றுச் சுற்றும் வரையில், தமிழில் எழுதுகிறவராக இருந்து.